சாக்லேட் சிப் குக்கீயும் ஒரு காலித் தட்டும்

இந்த வாரம் அரசியல் கிடையாது, சினிமா கிடையாது, செமஸ்டர் புலம்பலும் கிடையாது. சமையல்! ஓடிப்போகாதீங்க மக்களே. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குச் சமையல் குறிப்பு எதுக்குடா என்று வகுப்புத் தோழர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. ஓவன் என்பது வெப்பப் பரிமாற்றம் நடக்கிற ஒரு பெட்டி. அதைப் பற்றி எழுத எனக்கு இல்லாத உரிமையா? :-)

விஷயம், சாக்லேட் சிப் குக்கீ. வீட்டிலேயே செய்கிற குக்கீ. ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நம்ம பேக்கரி பிஸ்கட் முழுக்க மொறுமொறுப்பு. இது அப்படியில்லை. ஓரம் மட்டும் மொறுமொறு, நடுவில் மெத்தென்று இருக்கும், அங்கங்கே கரைந்தும் கரையாமலும் சாக்லேட் துண்டுகள். சூடாகச் சாப்பிட வேண்டும். கடை பாக்கெட்டில் வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், டப்பாவில் அடைத்த முறுக்குக்கும் சட்டியில் இருந்து இப்போதுதான் எடுத்த முறுக்குக்கும் உள்ள வித்தியாசம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிறந்த ஊர் பக்கத்தில்தான்

நான் படிப்பது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில். இந்தக் குக்கீ பிறந்ததும் இதே மாநிலம்தான். பாஸ்டனுக்குத் தெற்கே விட்மன் என்று ஒரு சின்ன ஊர். ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண்மணியும் அவர் கணவர் கென்னத்தும் 1930இல் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி 'டோல் ஹவுஸ் இன்' என்று ஒரு உணவு விடுதி நடத்தினார்கள். டோல் என்றால் சுங்கம். நம்ம ஊர் 'டோல்கேட்' மாதிரிதான்.

இந்தக் குக்கீ தற்செயலாகப் பிறந்தது என்று ஒரு கதை நிறைய இடத்தில் சுற்றுகிறது. ரூத்தம்மா கரையும் சாக்லேட் தீர்ந்துபோனதால் சாதாரண சாக்லேட்டை உடைத்து மாவில் போட்டாராம். எல்லாம் கரைந்து மாவு முழுக்கக் கலந்துவிடும் என்று நினைத்தாராம். கரையவில்லையாம். உலகப் புகழ் வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ப முடியவில்லை. ரூத் வேக்ஃபீல்ட் மனையியல் படித்து 1924இல் பட்டம் வாங்கியவர். அதைப் பாடமாகவும் நடத்தியவர். சமையல் புத்தகம் எழுதியவர். சாக்லேட் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அவரே பிற்காலத்தில் சொன்னது வேறு: ஐஸ்கிரீமோடு ஒரு மெல்லிய பருப்புக் குக்கீ பரிமாறிக்கொண்டிருந்தோம், எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, ஆனாலும் வேறு ஏதாவது புதிதாகக் கொடுக்கலாம் என்று யோசித்துச் செய்தேன் என்பதுதான். படித்த, உழைத்த ஒரு பெண் யோசித்துச் செய்ததை 'அடடா, கைதவறி வந்துவிட்டது' என்று ஊர் மாற்றிச் சொல்லிவிட்டது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

1938 வாக்கில் அவருடைய புத்தகத்தில் இந்தக் குறிப்பு வந்தது. 1939இல் நெஸ்லே நிறுவனம் அந்தக் குறிப்பையும் டோல் ஹவுஸ் பெயரையும் பயன்படுத்திக்கொள்ள உரிமை வாங்கியது. ஒரே ஒரு டாலருக்கு என்று சொல்வார்கள். முதலில் சாக்லேட் கட்டியை வாங்கி வீட்டில் வெட்டித்தான் போட்டார்கள். பிறகுதான் நெஸ்லே துளித்துளியான 'சிப்'களாகவே விற்க ஆரம்பித்தது. குறிப்பு இன்றும் அந்த மஞ்சள் பாக்கெட்டின் முதுகில் அச்சாகி வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்த மாநிலத்துச் சிப்பாய்களுக்கு வீட்டில் இருந்து பார்சலில் இந்தக் குக்கீ போனது. பக்கத்துக் கூடாரத்துக்காரன் ஒன்று கேட்டான், அவன் தன் வீட்டுக்கு எழுதினான், அப்படியே நாடு முழுக்கப் பரவியது. விளம்பரத்துக்கு முன்னால் பங்கு போட்டுச் சாப்பிட்டதுதான் வேலை செய்திருக்கிறது. 1997இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கேட்டுக்கொண்டதன் பேரில் இது மாசச்சூசெட்ஸின் அதிகாரபூர்வ மாநிலக் குக்கீ ஆனது. அதைப் பார்க்க ரூத்தம்மா இல்லை, 1977இல் காலமாகிவிட்டார். விடுதியும் இல்லை, 1984 டிசம்பர் 31 அன்று தீப்பிடித்து எரிந்துபோனது. குறிப்பு மட்டும் இருக்கிறது.

என் கைக்கு எப்படி வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அறை நண்பனிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுடா" என்றான். எழுதுகிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அவனுக்கு மதுரையில் இருந்து போன் வந்தது. அப்பா தவறிவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது. இங்கே வெளியே முழங்கால் அளவு பனி. விமானங்கள் எல்லாம் ரத்து. பனி நின்றிருந்தாலும் மதுரைக்குப் போய்ச்சேர இரண்டு விமானம் மாறி முப்பது மணி நேரம். அதையும் தாண்டி ஒரு சிக்கல், இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். அவனுடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. உள்ளே இருந்து படிக்கும் வரை ஒன்றும் இல்லை. வெளியே போனால், சென்னைத் தூதரகத்தில் மறுபடி நேர்முகத் தேர்வு முடித்து, புது முத்திரை வாங்கினால்தான் திரும்ப வர முடியும். எப்போது தேதி கிடைக்கும், கிடைக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. அவன் பெயரில் வங்கிக் கடன், வீட்டை அடமானம் வைத்து வாங்கியது.

அவன் அம்மாதான் முடிவு எடுத்தார். "ஐஸ் பெட்டியில எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? நீ வர வேணாம்பா. அவரு ஆசைப்பட்ட படிப்ப முடிச்சிட்டு வா." தம்பி கொள்ளி வைத்தான். இவன் வாட்ஸப்பில் பார்த்தான். நடுவில் படம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.

நம்ம ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும்? துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில் இருந்து காபி வரும். உறவுக்காரர் வீட்டில் இருந்து இட்லி வரும். "ரெண்டு வாய் சாப்பிடு, நீ விழுந்துட்டா அம்மாவ யாரு பாக்குறது" என்று அதட்டிச் சாப்பிடவைக்க ஒரு அத்தை இருப்பார். இங்கே நான்கு பையன்கள், ஒரு ரைஸ் குக்கர். எங்களில் யாருக்கும் அத்தை வேலை தெரியாது. அவன் ஒன்றரை நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

கீழ் வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவரோடு எங்கள் பழக்கம் 'ஹலோ'வும், சத்தம் கொஞ்சம் குறைக்க முடியுமா என்ற வேண்டுகோளும்தான். மாடிப்படியில் பனி தள்ளும்போது விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஓரத்தில் நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு, மேலே ஒரு துணி. உள்ளே பன்னிரண்டு குக்கீ. இன்னும் சூடு. உள்ளே வரவில்லை, உட்காரவில்லை, ஆறுதல் வசனம் பேசவில்லை. அவனைப் பார்த்து, பசிக்கும்போது சாப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

அவன் ஒன்றை எடுத்தான். பாதி சாப்பிட்டான். அதுவரைக்கும் அழாதவன் அப்போதுதான் அழுதான். பிறகு மிச்சப் பாதியையும் சாப்பிட்டான். இன்னொன்றும் எடுத்தான்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்ற விஷயம் அந்தப் பாட்டிக்கு எப்படித் தெரியும் என்று அன்று இரவு யோசித்தேன். தெரிந்திருக்காது. இழவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது இந்த ஊரிலும் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. கடல் தாண்டி, நிறம் தாண்டி, துக்கத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே மருந்துதான் போல.

காலித் தட்டு

மூன்று நாளில் தட்டு காலி. கழுவி வைத்தாயிற்று. திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது?

எங்கள் ஆச்சி (திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம்) கடைப்பிடிக்கிற சட்டங்களில் ஒன்று: அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒன்றுமே இல்லை என்றால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு முருங்கைக்காயாவது வைக்க வேண்டும். சின்ன வயதில் தெருவில் அந்தக் கிண்ணங்கள் போவதும் வருவதும் நிற்காமல் நடக்கும். யார் முதலில் கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவு இருக்காது. அதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கமே என்று இப்போது தோன்றுகிறது. கணக்கு முடியவே கூடாது.

அம்மா அனுப்பிய கைமுறுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தட்டில் அடுக்கி நானும் அவனும் இறங்கிப் போனோம். பாட்டி ஒன்றைக் கடித்துப் பார்த்தார். சத்தம் பலமாக வந்தது. பல் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொன்று எடுத்தார். அடுத்த வாரம் அதே தட்டு, அதே நீலப்பூ, வாழைப்பழக் கேக்கோடு மேலே வந்தது. அப்புறம் என்ன, சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் எடுத்துக்காட்டியது ஒரு பழைய அட்டை. அவருடைய பாட்டியின் கையெழுத்து. வெண்ணெய்க் கறை. எழுதியிருந்தது என்னவோ மஞ்சள் பாக்கெட்டின் முதுகில் இருக்கிற அதே அளவுகள்தான்! தன் மாமா போரில் இருந்தபோது பாட்டி இதைத்தான் மரப்பெட்டியில் அடுக்கி அனுப்புவார் என்றார். மாமா திரும்பி வந்தாரா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சரி, செய்முறை

அளவுகள் கிராமில் தருகிறேன். கப் கணக்கில் மாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை. தராசு பொய் சொல்லாது.

- மைதா 280 கிராம்
- ஆப்ப சோடா 1 தேக்கரண்டி
- உப்பு 1 தேக்கரண்டி
- உப்பில்லாத வெண்ணெய் 227 கிராம்
- வெள்ளைச் சீனி 150 கிராம்
- பிரவுன் சுகர் 150 கிராம்
- முட்டை 2
- வனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி
- சாக்லேட் சிப் 340 கிராம்

(பிரவுன் சுகர் என்றதும் போலீஸ் தேடுகிற சமாச்சாரம் ஞாபகம் வருகிறவர்கள், இது வேறு. வெள்ளைச் சீனியில் கரும்புச்சாற்றின் கரும்பாகு கொஞ்சம் சேர்த்தது.)

வெண்ணெயை வெளியே வைத்து, விரலால் அமுக்கினால் குழிகிற பதத்துக்கு வரவிடுங்கள். உருகக்கூடாது. இரண்டு சர்க்கரையும் சேர்த்து நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். முட்டை ஒவ்வொன்றாக, பிறகு வனிலா. மைதா, சோடா, உப்பைத் தனியாகக் கலந்து அதில் சேர்த்து, மாவு மறைந்தவுடன் நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தால் இதுவும் சப்பாத்தி மாதிரி இழுக்கும். கடைசியில் சாக்லேட். மேசைக்கரண்டி அளவு உருண்டைகளாக, தட்டில் நன்றாக இடம் விட்டு வைத்து, 190 டிகிரி செல்சியஸில் 9 முதல் 11 நிமிடம். இந்த அளவுக்குச் சுமார் அறுபது குக்கீ வரும்.

முக்கியமான விஷயம்: ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வேகாத மாதிரி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டில் மிச்சம் வெந்துவிடும். ஓவனுக்குள்ளேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஆறின பிறகு சுத்தியல் தேவைப்படும்.

மாவை வாயில் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். பச்சை முட்டை மட்டும் பிரச்சினை இல்லை, பச்சை மைதாவும்தான். 2016இல் இங்கே மைதாவில் ஈ.கோலி கிருமி கலந்து பலர் நோய்வாய்ப்பட்டார்கள். அரசே எச்சரிக்கை விட்டது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதி வகுப்புத் தோழர்களுக்கு. மற்றவர்கள் விருப்பப்பட்டால் தாண்டிப் போகலாம்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயைக் கீறி உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்குகின்றன. சோடா புதிதாக அறை கட்டுவதில்லை. இருக்கிற அறைகளை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே அடிக்காமல் சோம்பேறித்தனம் பண்ணிவிட்டு சோடாவைக் கூட்டிப் போட்டால் குக்கீ உப்பாது, வாயில் சோப்பு வாடைதான் வரும்.

சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். அது எங்கே இருக்கிறது? பிரவுன் சுகரில். கரும்பாகு லேசான அமிலம். அதே கரும்பாகு ஈரத்தையும் பிடித்து வைக்கும், அதனால்தான் நடு மெத்தென்று இருக்கிறது. வெள்ளைச் சீனி மட்டும் போட்டால் பரந்து, மெலிந்து, மொறுமொறுப்பாக வரும். பிரவுன் சுகர் மட்டும் போட்டால் குண்டாக, மெத்தென்று வரும். பாதிப் பாதி என்பது ஒரு சமாதான ஒப்பந்தம்.

ஓவனுக்குள் போனதும் ஒரு ஓட்டப்பந்தயம். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகி உருண்டையைப் பரப்பப் பார்க்கும். முட்டையும் மாவும் சூடேறி இறுகி அந்தப் பரவலை நிறுத்தப் பார்க்கும். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் குக்கீ தோசையா பணியாரமா என்று முடிவாகும். மாவைக் குளிரவைத்துப் போட்டால் வெண்ணெய் உருகத் தாமதமாகும், பணியாரம் பக்கம் சாயும். கடைசி மூன்று நிமிடத்தில் மேல்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறம் பிடிக்கும். அந்த வாசனைதான் மூன்று மாடிக்குப் போகிறது.

2008இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு குறிப்பு, மாவை 36 மணி நேரம் வரை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னது. மாவு ஈரத்தை நன்றாகக் குடித்து, சுவை ஆழமாகிறது. இட்லி மாவை ராத்திரி முழுக்கக் காத்திருந்து பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு பொறுமையா!

கேட்டுவிட்டுக் கொடுங்கள்

குக்கீ செய்ய ஆரம்பித்த பிறகு லேப், வகுப்பு, பக்கத்து அறை என்று எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தேன். அப்போது பிடிபட்ட ஒரு விஷயம்: கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

எங்கள் லேபில் ஒரு பெண்ணுக்குக் கடலை, முந்திரி, வால்நட் எதுவும் ஆகாது. 'ஆகாது' என்றால் நம்ம ஊர் 'எனக்குக் கத்திரிக்காய் ஆகாது' இல்லை. தொண்டை அடைத்து உயிருக்கே ஆபத்து. கைப்பையில் ஊசி வைத்திருக்கிறார். ஆகவே எங்கள் லேபில் யார் எது கொண்டுவந்தாலும் டப்பா மேல் ஒரு சீட்டில் உள்ளே இருப்பதை எல்லாம் எழுதி ஒட்டுவார்கள். சிப் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். இன்னொருவர் முட்டை சாப்பிடமாட்டார். இன்னொருவர் ரம்ஜான் நோன்பு, அவருக்கு மாலை வரை எடுத்து வைக்க வேண்டும்.

நம்ம ஊரில் "இன்னும் ஒண்ணு வச்சுக்கோ" என்று வற்புறுத்துவதுதான் அன்பு. மறுத்தால் கோபம் வரும். எனக்கு அதில் இப்போது ஒரு பயம் இருக்கிறது. காரணம் அப்பா. மூன்று வருஷமாக அவருக்கு சுகர். அல்வாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் சுகர்! விசேஷ வீட்டுக்குப் போனால் "ஒரு நாளைக்குத்தானே" என்று இலையில் வைத்துவிடுகிறார்கள். எல்லாம் அன்பில்தான். அந்த அன்பை அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கலாம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அளவில் ஒரு குக்கீயில் சுமார் 8 கிராம் சர்க்கரை. அதாவது இரண்டு தேக்கரண்டி. மைதாவின் மாவுச்சத்து தனி. "வெல்லம் போட்டுச் செய், சுகருக்கு ஒண்ணும் பண்ணாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மை இல்லை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "பாதி குடு. மத்தியானம் சோத்தக் கொறச்சிக்கிடுதேன்" என்றார். பாதி கொடுத்தேன். மெதுவாகச் சாப்பிட்டார். இன்னொன்று வைக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அது அவருக்குப் புரிந்தது என்று தெரிந்தது.

திருநெல்வேலியில் ஓவன் இல்லை

ஆம், மே மாதம் ஊருக்குப் போனபோது ஆச்சிக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தடைகள் நான்கு. ஒன்று, வீட்டில் ஓவன் இல்லை. இரண்டு, ஆச்சி முட்டை தொடமாட்டார். மூன்று, சாக்லேட் சிப் தேடி அலைய வேண்டும். நான்கு, மே மாதத்துத் திருநெல்வேலி வெயில். வெண்ணெய் உருகுகிற சூட்டை விட வீட்டுக்குள் சூடு அதிகம்!

ஓவனுக்குப் பதில் குக்கர். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு. மூடி பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். ஒரு ஈட்டுக்கு ஐந்துதான் கொள்ளும். சூடு கீழே இருந்து வருவதால் அடி நன்றாகச் சிவக்கும், மேலே வெளிறி இருக்கும். சுவையில் குறை இல்லை.

முட்டைக்குப் பதில் ஆளி விதை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடித்து, ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். ஒரு முட்டைக்கு அது சரி. பிரவுன் சுகருக்கு நாட்டுச் சர்க்கரை. வெயிலுக்கு மருந்து ஃபிரிட்ஜ்: உருண்டைகளைக் கல் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் குக்கரில் வைத்தேன்.

சாக்லேட் சிப்புக்கு? கேக் சாமான் விற்கிற கடையில் கருப்பு சாக்லேட் கட்டி வாங்கினேன். ஆச்சி அதை அரிவாள்மனையில் வைத்து, கறிவேப்பிலை நறுக்குகிற அலட்சியத்தோடு பொடிப்பொடியாக அரிந்து தள்ளினார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ரூத் வேக்ஃபீல்டும் முதலில் இப்படித்தானே கட்டியை வெட்டிப் போட்டார்! எண்பத்தொரு வயதில் எங்கள் ஆச்சி, மூல நூல் முறைப்படி சாக்லேட் வெட்டுகிற சுத்த சம்பிரதாயவாதி.

முதல் ஈடு வந்ததும் ஒன்றை எடுத்து, பல் இல்லாத பக்கம் ஒதுக்கி, கொஞ்ச நேரம் மென்றார். தீர்ப்பு வந்தது.

"நம்ம நெய் பிஸ்கட்டு மாதிரிதானல இருக்கு. நடுவுல எதுக்கு கருப்பா?"

"அதான் ஆச்சி சாக்லேட்டு."

"நல்லாத்தான் இருக்கு. பெருசா நாலு எடுத்து வை. பால்காரி பிள்ளைக்கு ரெண்டு, மேல வீட்டுக்கு ரெண்டு. அவ போன வாரம் குழம்பு குடுத்த கிண்ணம் இங்கதான் கெடக்கு."

கவனித்தீர்களா? தனக்கு இன்னொன்று எடுக்கவில்லை. கிண்ணம் ஞாபகம் வந்துவிட்டது.

கடைசியாக ஒரு யோசனை

அறுபது குக்கீயையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. பன்னிரண்டு சுட்டுவிட்டு, மிச்ச மாவை உருண்டை பிடித்து ஃபிரீசரில் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். வேண்டும்போது உறைந்தபடியே ஓவனில் வைத்து இரண்டு நிமிடம் கூட்டினால் போதும். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சொல்லிவிட்டு வருவதில்லை. வரும்போது மாவு பிசைந்துகொண்டிருக்க முடியாது.

எங்கள் ஃபிரீசரில் இப்போது பதினான்கு உருண்டை இருக்கிறது. அறை நண்பன்தான் காவல். படிப்பு முடிய அவனுக்கு இன்னும் ஒரு செமஸ்டர். போன வாரம் எங்கள் துறையில் புதிதாக வந்த ஒரு பையன், முதல் தேர்வில் மதிப்பெண் மோசமாகி, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று எங்கள் அறையில் வந்து உட்கார்ந்திருந்தான். நான் அறிவுரை சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நண்பன் எழுந்துபோய் ஓவனைப் போட்டுவிட்டு, நான்கு உருண்டை எடுத்து வைத்தான். சூடாகத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, "பசிக்கும்போது சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டான்.

பி.கு.: உங்கள் வீட்டில் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன வைத்துக் கொடுப்பார்கள்? சீனியா, பூவா, வெற்றிலையா? எழுதுங்கள். ஆச்சியிடம் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம், ஆளி விதை வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள், சீக்கிரம் காறிப்போகும். முழுசாக வாங்கி மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். :-)